லவ் பேர்ட்ஸ் வளர்ப்பு: பானையை எப்போது கட்டுவது, எப்போது எடுப்பது

சென்ற பொங்கல் விழாவின்போது நம் சங்கத்து அன்பர்கள் நான்கைந்து பேர் சாப்பாட்டுப் பந்தியிலேயே என்னைப் பிடித்துக் கொண்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "சார், குழந்தைகள் ஆசைப்பட்டார்கள் என்று ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கினோம். ஒரு வருஷம் ஆகிறது, முட்டையே இல்லை" என்றார் ஒருவர். "எங்கள் வீட்டில் முட்டை இடுகிறது, ஆனால் பொரிப்பதில்லை" என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "பெட்டை செத்துப் போய்விட்டது" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாயசத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார். பந்தியில் அரைகுறையாகச் சொன்னதை விரிவாக எழுதித் தரும்படி இதழாசிரியர் கேட்டுக் கொண்டதால் இந்தக் கட்டுரை.

நான் பறவை மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு 1982-இல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்புப் பிரிவில் காலம் தள்ளி, 2020-இல் ஓய்வு பெற்று ஆனேக்கல்லில் வீடு கட்டிக் குடியேறியவன். பயிற்சிக்காகச் சென்னையில் இருந்த நாட்களில் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் மூர் மார்க்கெட்டில் கூண்டு கூண்டாக இந்தப் பறவைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். வாங்கி வைத்துக்கொள்ள இடம் கிடையாது. தங்கியது நான்கு பேர் அறை. அந்த மார்க்கெட் 1985 மே மாதம் தீப்பிடித்து அழிந்தது. அந்த இடத்தில்தான் இன்று புறநகர் ரயில்கள் வந்து நிற்கின்றன. அப்போது விட்ட ஆசையை ஓய்வு பெற்ற பிறகு, ஊரடங்குக் காலத்தில், பேத்தியைச் சாக்காக வைத்துத் தீர்த்துக் கொண்டேன்.

முதல் இரண்டு வருடம் எனக்கும் தோல்விதான். அதில் ஒரு தோல்வி இன்றைக்கும் உறுத்துகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் உங்கள் வீட்டில் இருப்பது எந்தப் பறவை என்று தெரிந்துகொள்ளுங்கள். நம் ஊர்க் கடைகளில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பவற்றில் பெரும்பாலானவை உண்மையில் பட்ஜெரிகர் என்ற ஆஸ்திரேலியச் சிறு கிளி. ஜான் கோல்டு என்ற பறவையியலாளர் 1840-இல் இதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அங்கிருந்து உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நீண்ட வால், மெலிந்த உடல், முதுகிலும் தலையிலும் வரிவரியான கோடுகள், 30 முதல் 40 கிராம் எடை. நிஜமான லவ் பேர்ட் என்பது ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. குட்டை வால், பெரிய அலகு, உருண்டையான உடம்பு. கடையில் 'ஆப்பிரிக்கன்' என்று கேட்டால் இதைத்தான் காட்டுவார்கள், விலையும் அதிகம். இரண்டுக்கும் வளர்ப்பு முறை வேறு. நம் வீடுகளில் அதிகம் இருப்பது முதல் வகைதான் என்பதால் அதைப் பற்றியே பெரும்பாலும் எழுதுகிறேன்.

என் முதல் ஜோடி நீலம் ஒன்று, பச்சை ஒன்று. கடைக்காரர் 'கேரண்டி ஜோடி' என்று சொல்லிக் கொடுத்தார். இரண்டும் ஒன்றுக்கொன்று வாயில் இரை ஊட்டிக்கொள்ளும்; தலையைக் கோதிவிடும். நானும் பேத்தியும் ஒரு வருடம் அந்தக் காதலைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தோம். கடைசியில் இரண்டும் ஆண் என்று தெரிந்தது! ஆணும் ஆணும்கூட ஊட்டிக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது தெரியாது.

ஆண், பெட்டை கண்டுபிடிப்பது வளர்ந்த பறவையில் மிகவும் சுலபம். அலகுக்கு மேலே மூக்குத் துவாரங்களைச் சுற்றி மெழுகு போல ஒரு சதை இருக்கும். ஆணுக்கு அது நல்ல நீலம். பெட்டைக்கு வெளிறிய நிறமாகவோ பழுப்பாகவோ இருக்கும். முட்டையிடும் பக்குவம் வந்ததும் கரும்பழுப்பாகிச் சற்றே சொரசொரக்கும். குஞ்சுப் பருவத்தில் இரண்டுக்கும் இளஞ்சிவப்பாகவே இருப்பதால்தான் ஏமாற்றம் நேர்கிறது. முழு வெள்ளை, முழு மஞ்சள் நிறப் பறவைகளில் ஆணுக்குக் கடைசிவரை நீலம் வராது, இளஞ்சிவப்பாகவே இருந்துவிடும். முதல் முறை வாங்குபவர்கள் அந்த நிறங்களைத் தவிர்ப்பது நல்லது.

வயதையும் பாருங்கள். நெற்றியில் கோடுகள் அலகு வரை இறங்கி வந்திருந்தால் அது மூன்று நான்கு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சு. முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி சுத்தமாகிவிடும். பிறகு மெல்ல மெல்லக் கண்மணியைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றும். ஐந்தாறு மாதத்திலேயே பெட்டை முட்டையிட முயலும். ஆனால் அதன் உடம்பு அதற்குத் தயாராக இருக்காது. பத்து மாதம், முடிந்தால் ஒரு வருடம் ஆகும் வரை காத்திருக்க வேண்டும்.

எப்படிக் காத்திருக்க வைப்பது? பானையைக் கட்டாமல் இருந்தால் போதும். இந்தப் பறவை காட்டில் மரப் பொந்தில் முட்டையிடுவது. கூண்டில் இருட்டான பொந்து ஒன்று இல்லையென்றால் பெரும்பாலும் முட்டை நினைப்பே அதற்கு வராது. பானை கட்டினால் சிக்னல் இறங்கியது மாதிரி. எடுத்துவிட்டால் வண்டி நிற்கும். இனப்பெருக்கம் முழுவதும் உங்கள் கையில் உள்ள அந்தப் பானையில்தான் இருக்கிறது. வாங்கி வந்த அன்றே கூண்டோடு சேர்த்துப் பானையையும் கட்டிவிடுவதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. கடைக்காரரும் கூண்டு, பானை, தீனி என்று சேர்த்தே கொடுத்துவிடுகிறார்.

கூண்டைப் பற்றி ஒரு பொறியாளன் என்ற முறையில் கொஞ்சம் அதிகமாகவே எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கடைகளில் விற்கும் கோபுர வடிவக் கூண்டுகள் பார்க்கத்தான் அழகு. பறவை மேலும் கீழும் பறப்பதில்லை, பக்கவாட்டில்தான் பறக்கிறது. ஆகவே உயரத்தைவிட நீளம் முக்கியம். ஒரு ஜோடிக்கு இரண்டரை அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் இருந்தால் தாராளம். கம்பி இடைவெளி அரை அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது.

நான் வெல்டட் மெஷ் வாங்கி நானே கூண்டு செய்தேன். இதில் ஓர் ஆபத்து இருக்கிறது. கால்வனைஸ் செய்த புது வலையில் துத்தநாகம் சிறு சிறு திவலைகளாக ஒட்டிக்கொண்டிருக்கும். சில நாளில் வெள்ளைப் பொடியும் பூக்கும். பறவை நாள் முழுக்கக் கம்பியைக் கடிப்பது. துத்தநாகம் அதற்கு விஷம். வலையை வாங்கியதும் வினிகர் தொட்டுக் கம்பி பிரஷ்ஷால் நன்றாகத் தேய்த்து, கழுவி, ஒரு வாரம் வெயிலில் போட்டு, மறுபடி தேய்த்த பிறகே கூண்டாக்க வேண்டும். பழைய கதவுக் கம்பிகளைப் பயன்படுத்துவோர் அதில் உள்ள பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதையும் நினைவில் வையுங்கள். உட்காரும் கம்பு வழவழப்பான பிளாஸ்டிக்காக இருந்தால் இணை சேரும்போது பெட்டையின் பிடி வழுக்கும். முட்டை கூமுட்டையாகப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். கொய்யா அல்லது வேப்பங்கிளையை நன்றாக இறுக்கிக் கட்டுங்கள்.

பானைக்கு வருகிறேன். மண்பானை நம் ஊர் வழக்கம். குளிர்ச்சியானது, மலிவு. ஆனால் கழுவுவதும் உள்ளே பார்ப்பதும் கஷ்டம். நான் இப்போது மரப்பெட்டிக்கு மாறிவிட்டேன். 9 அங்குல நீளம், 6 அகலம், 6 உயரம், ஒன்றரை அங்குலத் துவாரம். அடிப்பலகையில், துவாரத்துக்கு எதிர்க் கோடியில், கிண்ணம் போலக் குழிவாகச் செதுக்கியிருக்க வேண்டும். துவாரத்துக்கு நேர் கீழே குழி இருந்தால் உள்ளே குதிக்கும் பெட்டை முட்டை மேலேயே குதிக்கும். குழியே இல்லாமல் சமதளமாக இருந்தால் முட்டைகள் உருண்டு சிதறும். குஞ்சுகளின் கால்கள் இரு பக்கமும் விரிந்து, நடக்க முடியாமல் போய்விடும். என் முதல் பெட்டியில் பிறந்த ஒரு குஞ்சுக்கு அப்படித்தான் ஆயிற்று.

ஒரே கூண்டில் பல ஜோடிகள் வைப்பவர்கள் ஜோடிக்கு இரண்டு பானை வீதம், எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் கட்டுங்கள். உயரமான பானைக்குத்தான் சண்டை வரும். ஜோடி இல்லாத தனிப் பெட்டை ஒன்றுகூடக் கூண்டில் இருக்கக் கூடாது. அது அடுத்தவள் பானைக்குள் புகுந்து முட்டைகளை உடைத்து, குஞ்சுகளையும் கொன்றுவிடும். ஒரு பிளாக்கில் ஒரு வண்டி என்பது எங்கள் ரயில்வே விதி. இங்கும் அதேதான்.

சரி, வயது வந்த ஆணும் பெட்டையும் இருக்கின்றன, பானையும் கட்டியாயிற்று, இருந்தும் முட்டை இல்லை என்றால்? தனியாக ஒரே ஒரு ஜோடி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். இது கூட்டமாக வாழும் பறவை. மற்ற பறவைகளின் சத்தம் காதில் விழ வேண்டும். பார்பரா பிராக்வே என்ற ஆய்வாளர் 1960-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். ஆண் பறவை மெல்லிய குரலில் இடைவிடாமல் முணுமுணுக்குமே, அந்தச் சத்தத்தைக் கேட்டாலே பெட்டையின் சினைப்பை வளர்ந்து முட்டையிடத் தயாராகிறது என்று கண்டார். எனக்கும் அப்படியே நடந்தது. இரண்டு ஆண்களில் ஒன்றுக்குப் பெட்டை வாங்கி வைத்தும் மூன்று மாதம் ஒன்றும் இல்லை. அதே வராந்தாவில் இன்னொரு கூண்டில் இன்னொரு ஜோடியைக் கொண்டு வந்து வைத்தேன். மூன்றே வாரத்தில் முதல் முட்டை.

அடுத்தது தீனி. வெறும் தினையை மட்டும் போட்டு வளர்ப்பவர்கள்தான் அதிகம். தினையை இங்கே நவணே என்று கேட்டால் மளிகைக் கடையிலேயே கொடுப்பார்கள். பறவைக் கடையில் வாங்குவதைவிடச் சுத்தமாகவும் இருக்கும். அதோடு கம்பு, சாமை, கொஞ்சம் நெல் கலந்து கொள்ளலாம். ஆனேக்கல்லில் கேழ்வரகுக்குப் பஞ்சமில்லை. அறுவடைக் காலத்தில் பச்சைக் கதிரை அப்படியே கூண்டில் செருகினால் என்ன குதூகலம்! தினமும் ஒரு பிடி முருங்கைக் கீரை அல்லது கொத்தமல்லி, கழுவி ஈரத்தோடு. முளைகட்டிய பச்சைப் பயறு வாரம் மூன்று நாள். குஞ்சு இருக்கும்போது அவித்த முட்டையை ரஸ்க் தூளோடு பிசைந்து வையுங்கள். ஆனால் இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். கோடையில் புளித்துப் போனால் குஞ்சுகளுக்கு வயிற்றுப்போக்குதான்.

எல்லாவற்றையும்விட முக்கியம் சுண்ணாம்புச் சத்து. கணவாய் மீனின் ஓடு, தமிழ்நாட்டில் நாட்டு மருந்துக் கடைகளில் கடல் நுரை என்று விற்பார்களே, அது எப்போதும் கூண்டில் தொங்க வேண்டும். இங்கே கிரந்திகெ அங்கடிகளில் விசாரித்துப் பாருங்கள். பறவைக் கடைகளிலும் கிடைக்கும்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நாம் ஜூஸ் போட்டுக் குடிக்கும் பட்டர் ஃப்ரூட் பறவைகளுக்குக் கொடிய விஷம். ஆசையாக ஒரு துண்டு கூடக் கொடுத்துவிடாதீர்கள்.

முட்டைக் கணக்கை நான் ஒரு நோட்டில் எழுதுகிறேன். பழைய வேலைப் பழக்கம். பெட்டை ஒரு நாள் விட்டு ஒரு நாள் இடும். பெரும்பாலும் நான்கு முதல் ஆறு முட்டைகள். முதல் முட்டை அல்லது இரண்டாவது முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கிவிடும். பொரிக்க 18 நாள். எனவே குஞ்சுகளும் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும். ஆறு முட்டை என்றால் மூத்ததற்கும் கடைக்குட்டிக்கும் ஏறக்குறைய பத்து நாள் வித்தியாசம். இதைத் தெரியாமல், 'நான்கு பொரித்துவிட்டது, மீதி இரண்டும் கெட்டுவிட்டது' என்று தூக்கி எறிபவர்கள் உண்டு. ஒவ்வொரு முட்டைக்கும் தனியாக நாள் எண்ணுங்கள். கடைசி முட்டைக்கு உரிய நாள் கடந்து ஐந்து நாள் வரை பொறுங்கள்.

கரு கூடியிருக்கிறதா என்று பார்க்க, அடை உட்கார்ந்த ஏழாம் நாள் வாக்கில், பெட்டை தானாகத் தீனிக்கு வெளியே வரும் நேரத்தில், சிறிய டார்ச்சை முட்டைக்குப் பின்னால் பிடித்தால் சிவப்பு நரம்புகள் வலை போலத் தெரியும். தெளிவாக மஞ்சளாக இருந்தால் கூமுட்டை. ஒரு தடவை பார்த்தால் போதும். நான் முதல் அடையில் பேத்திக்குக் காட்டுகிறேன் என்று தினமும் பார்த்து, பெட்டை வெறுத்துப்போய் மூன்று முட்டைகளை விட்டுவிட்டது. பறவை உள்ளே இருக்கும்போது பானையைத் தட்டுவதும் கையை விடுவதும் வேண்டவே வேண்டாம்.

இப்போது அந்த உறுத்தலுக்கு வருகிறேன்.

2021-இல் என் மஞ்சள் முகத்துப் பெட்டை முதல் அடையில் ஐந்து, இரண்டாம் அடையில் ஆறு என்று குஞ்சுகளைப் பொரித்து வளர்த்துவிட்டது. வீட்டில் ஒரே திருவிழா. பக்கத்து வீட்டார், மகனின் அலுவலக நண்பர்கள் என்று எல்லோரும் குஞ்சு கேட்டார்கள். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டாம் அடைக் குஞ்சுகள் பானையை விட்டு வந்ததும் பானையை எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை. டிசம்பர் மாதம். ஆனேக்கல் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இரவில் குளிர் 15 டிகிரிக்குப் பக்கம் இறங்கும். மூன்றாம் அடையில் மூன்று முட்டை இட்டது. நான்காவது முட்டை வரவேண்டிய அன்று காலையில் அது பானையில் இல்லை. கூண்டின் தரையில், இறகையெல்லாம் சிலிர்த்துக்கொண்டு, வாலை மேலும் கீழும் அசைத்தபடி உட்கார்ந்திருந்தது.

முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டது என்று எனக்குப் புரியவே மதியம் ஆகிவிட்டது. யாரோ சொன்னார்கள் என்று விளக்கெண்ணெய் தடவினேன். அதிலேயே சாயங்காலம் ஆயிற்று. டாக்டரிடம் காலையில் போகலாம் என்றேன். காலையில் அது இல்லை. பேத்தி ஒன்றும் கேட்கவில்லை. 'நாலாவது முட்டை பெரிசா இருந்துச்சா தாத்தா?' என்று மட்டும் கேட்டாள்.

முட்டை பெரிதாக இல்லை. பறவையிடம் சத்து இல்லை. பிறகு ஒரு நாள் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒரு முட்டை சுமார் இரண்டு கிராம். ஆறு முட்டை என்றால் பன்னிரண்டு கிராம். பறவையின் எடையே 35 கிராம்தான். தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைப் பன்னிரண்டு நாளில் முட்டையாகக் கொடுத்துவிட்டு, பிறகு ஒரு மாதம் குஞ்சுகளுக்கு ஊட்டுகிறது. அந்த வருடம் மட்டும் பதினான்கு முட்டை அதனிடம் வாங்கிவிட்டேன். ஓடு கட்டவும், முட்டையைத் தள்ளும் தசை சுருங்கவும் சுண்ணாம்புச் சத்துதான் வேண்டும். அது தீர்ந்துபோன உடம்பில், குளிர் வேறு சேர்ந்தால், முட்டை நின்றுவிடுகிறது. மிக இளம் பெட்டைக்கும் இதே கதிதான்.

இந்த அறிகுறியைப் பார்த்தால் செய்ய வேண்டியது இது. பறவையை ஒரு சிறு பெட்டியில் துணி விரித்து விடுங்கள். பக்கத்தில் பல்பு எரியவிட்டு 30 டிகிரி அளவுக்குச் சூடாக வையுங்கள். சூடு தாங்காவிட்டால் நகர்ந்துகொள்ள ஒரு பக்கம் இடம் இருக்கட்டும். ஒரு கிண்ணத்தில் வெந்நீர் வைத்தால் காற்றில் ஈரம் சேரும். முட்டையை அமுக்கவோ இழுக்கவோ கூடாது. உள்ளே உடைந்தால் முடிந்தது கதை. சூடு கொடுத்தபடியே அன்றைக்கே, அந்த மணியிலேயே, பறவை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். சுண்ணாம்பு ஊசி போட்டாலே பல சமயம் முட்டை வந்துவிடும். பறவை பார்க்கும் டாக்டர் எல்லா இடத்திலும் இல்லை. உங்களுக்கு அருகில் யார் என்பதைப் பானை கட்டும் முன்பே விசாரித்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு என் வீட்டில் சட்டம் ஒன்றுதான். வருடத்துக்கு இரண்டு அடை. இரண்டாம் அடையின் கடைசிக் குஞ்சு தானாகத் தின்னத் தொடங்கியதும் பானை இறங்கிவிடும். ஆறு மாதம் ஓய்வு. டிசம்பர், ஜனவரிக் குளிரிலும், ஏப்ரல் வறட்சியிலும் பானை கிடையாது. எனக்கு ஜூலையில் கட்டுவது நன்றாகச் சரிப்பட்டு வருகிறது. முதல் மழைக்குப் பிறகு பச்சைக் கதிரும் புல் விதையும் தாராளமாகக் கிடைக்கும். ஆஸ்திரேலியாவிலும் இவை மழை பெய்து புல் விதை கட்டும் காலத்தைப் பார்த்துத்தான் குடும்பம் நடத்துகின்றனவாம்.

குஞ்சுகள் பொரித்த பிறகு நமக்கு அதிக வேலை இல்லை. ஐந்து வாரத்தில் வெளியே வரும். அடுத்த ஒரு வாரம் தகப்பன்தான் ஊட்டும். ஆறு வாரத்தில் தானாகத் தின்னும். அந்த வாரத்தில் தாய் அடுத்த முட்டை நினைப்பில் இருந்தால் மூத்த குஞ்சுகளைக் கொத்தித் துரத்தும். அப்படி நடந்தால் குஞ்சுகளைத் தகப்பனோடு தனிக் கூண்டுக்கு மாற்றிவிடுங்கள். வெளியே வந்த குஞ்சுகளுக்குச் சிறகிலும் வாலிலும் பெரிய இறகுகள் உதிர்ந்து, பறக்க முடியாமல் தரையிலேயே ஓடிக்கொண்டிருந்தால் அது பெரும்பாலும் வைரஸ் நோய். அந்த ஜோடியை மறுபடி பானை கட்டி விடாதீர்கள். பெட்டியை எரித்துவிடுவதே நல்லது.

புகையைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். கொசுவர்த்தி, சாம்பிராணி இரண்டும் கூண்டு இருக்கும் அறையில் கூடாது. நான்ஸ்டிக் தவாவை அடுப்பில் வைத்து மறந்துவிட்டால் எழும் புகை, நமக்கு வாசனைகூடத் தெரியாது, சில நிமிடங்களில் பறவைகளைக் கொன்றுவிடும். அடுக்குமாடிக் குடியிருப்பில் சமையலறையை ஒட்டிக் கூண்டு வைத்திருப்பவர்கள் உடனே இடம் மாற்றுங்கள். தீபாவளி இரவில் வெடிச் சத்தத்துக்குப் பயந்து பெட்டை பானையை விட்டுப் பாய்ந்தால், இருட்டில் திரும்பத் தெரியாமல் முட்டை குளிர்ந்துவிடும். அன்று சிறிய விளக்கு ஒன்று எரியட்டும். கூண்டைச் சுத்தம் செய்யும்போது எச்சத்தின் மேல் தண்ணீர் தெளித்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு செய்யுங்கள். கிளி இனங்களிடமிருந்து மனிதருக்கு நுரையீரல் காய்ச்சல் தொற்றக்கூடும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர்கள் இருந்தால் இந்தப் பொழுதுபோக்கே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

ஆப்பிரிக்க வகை வைத்திருப்பவர்களுக்குச் சில வரிகள். இவற்றில் ஆண், பெட்டை பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். இறகை அனுப்பி டி.என்.ஏ. சோதனை செய்வதே நிச்சயம். ஒரு பானையில் எட்டு, பத்து முட்டை சேர்ந்து ஒன்றும் பொரிக்கவில்லை என்றால் இரண்டும் பெட்டையாக இருக்கலாம். பொரிக்க 23 நாள் ஆகும். குஞ்சு வெளியே வர ஆறு வாரம். பட்ஜெரிகர் கூடு கட்டாது, இவை கட்டும். பச்சைத் தென்னை ஓலையைக் கொடுத்தால் நீளவாக்கில் கீறிக் கீறி எடுத்துக்கொள்ளும். முகம் சிவந்த வகை அந்தக் கீற்றை முதுகு இறகுகளுக்கு இடையே செருகிக்கொண்டு பறக்கும். ஃபிஷர் வகை அலகில் தூக்கிச் செல்லும். வில்லியம் டில்கர் என்ற அமெரிக்க ஆய்வாளர் இரண்டையும் கலந்து குஞ்சு எடுத்தார். அந்தக் கலப்புப் பிள்ளைகள் முதுகில் செருகுவதா, அலகில் எடுப்பதா என்று தெரியாமல் செருகிச் செருகி நழுவவிட்டு, அலகில் தூக்கிப் போகக் கற்றுக்கொள்ளவே வருடங்கள் ஆயின என்று 1962-இல் எழுதினார். அந்த ஓலை அலங்காரத்துக்காக மட்டும் அல்ல. அதன் ஈரம் முட்டைக்கு வேண்டும். இங்கே மார்ச், ஏப்ரலில் காற்று காய்ந்துவிடுவதால் குஞ்சு முழுதாக வளர்ந்தும் ஓட்டை உடைக்க முடியாமல் உள்ளேயே செத்துவிடுகிறது. பச்சை ஓலையும், குளிக்க அகலமான தட்டில் தண்ணீரும் கொடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊரில் பாட்டி வீட்டில் பச்சைக்கிளி இருந்ததே என்று இங்கே ஒன்றை வாங்கிவிடாதீர்கள். நம் நாட்டுக் கிளிகள் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். பட்ஜெரிகருக்கும் முகம் சிவந்த ஆப்பிரிக்க வகைக்கும் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் ஃபிஷர் போன்ற மற்ற ஆப்பிரிக்க வகைகள் சர்வதேச வணிகப் பட்டியலில் இருப்பதால், 2024-இல் வந்த விதிகளின்படி அவற்றை வைத்திருப்போர் அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். குஞ்சு பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும்.

பெருகிவிட்டால் 'புண்ணியமாகப் போகட்டும்' என்று திறந்து விடுபவர்களும் இருக்கிறார்கள். கூண்டிலேயே பிறந்த பறவைக்கு இரை தேடத் தெரியாது. காக்கை விட்டுவைக்காது. பானை கட்டும் முன்பே குஞ்சுகளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான் கேட்பவர்களுக்கு இலவசமாகவே தருகிறேன். ஜோடியாகக் கேட்டால் ஒரே பானையில் பிறந்தவற்றைத் தருவதில்லை. இரண்டு வெவ்வேறு ஜோடிகளின் குஞ்சுகளாகப் பார்த்துத் தருகிறேன். பிறந்த தேதியை ஒரு சீட்டில் எழுதி, கூடவே ஒரு துண்டு கடல் நுரையும் கொடுப்பேன். பானை மட்டும் கொடுப்பதில்லை. சீட்டில் உள்ள தேதியிலிருந்து பத்து மாதம் கழித்து, அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு வந்தால், மாடியில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளில் ஒன்றை அவர்களே எடுத்துப் போகலாம்.